எத்தனையில் நிற்கிறோம்?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குகிற எவருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும்: "குவால் எஸ் லா ஃபேச்சா தே ஓய்?" இன்றைய தேதி என்ன? இலக்கணப்படி குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஸ்பெயினின் மேற்கில், சலமாங்கா நகரத்துக்குக் குடிவந்த பிறகு, இந்தக் கேள்வி என் காதில் அநேகமாக விழவே இல்லை. மருந்துக் கடையில் மருந்துச் சீட்டைப் புரட்டுகிறவர், தபால் நிலையத்தில் படிவம் நிரப்புகிறவர், செருப்புத் தைத்து வாங்கும் கடையில் ரசீது எழுதுகிற பெரியவர் என எல்லோரும் பேனாவை நிறுத்திவிட்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்பது வேறு ஒன்று: "ஆ குவாந்தோஸ் எஸ்தாமோஸ்?"

சொல்லுக்குச் சொல் எடுத்தால் "எத்தனையில் இருக்கிறோம்?" என்று வரும். யாராவது ஒருவர் "ஆ தோஸே" என்பார். பன்னிரண்டில். அவ்வளவுதான், பேனா மறுபடி ஓடும்.

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள். செர் ஒன்று, எஸ்தார் ஒன்று. படிக்கிறவர்கள் எல்லோரையும் படுத்துகிற இரட்டை இது. எஸ்தார் என்பது லத்தீனில் 'நிற்றல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. இன்று திங்கள் என்று சொல்ல "ஓய் எஸ் லூனெஸ்" என்று செர் போடலாம். "எஸ்தாமோஸ் ஆ லூனெஸ்", திங்களில் நிற்கிறோம், என்று எஸ்தாரும் போடலாம். இரண்டும் சரி. ஆனால் இரண்டாவதில் ஓர் ஆள் சேர்ந்துகொள்கிறார். நாள் என்பது எங்கோ தானாக இருக்கிற பொருளாக இல்லாமல், கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்து நிற்கும் இடமாகிவிடுகிறது. தமிழில் இதைச் சொன்னால் 'நாம்' என்றுதான் வரும், 'நாங்கள்' என்று வராது. ஸ்பானிஷில் அந்த வேறுபாட்டுக்குத் தனிச்சொல் கிடையாது. ஆனால் இந்தக் கேள்வியில் எதிரே இருப்பவரை வெளியே விட்டுப் பேசவே முடியாது என்பதை யோசித்துப் பார்த்தால் புரியும்.

இதே அமைப்பு சந்தையிலும் வருகிறது. "ஆ கோமோ எஸ்தான் லோஸ் தொமாத்தெஸ்?" தக்காளி என்ன விலையில் நிற்கிறது? குளிர்காலத்தில் "எஸ்தாமோஸ் ஆ த்ரெஸ் கிராதோஸ்", மூன்று டிகிரியில் நிற்கிறோம். நாளுக்கு நாள் மாறுகிற அளவு எதுவோ அதற்கெல்லாம் எஸ்தாரும் ஆ என்ற இடைச்சொல்லும் வரும். விலை, குளிர், தேதி. சட்டையின் நிறத்துக்கோ மனிதரின் ஊருக்கோ இது வராது. தேதியை வெப்பமானியோடும் தக்காளி விலையோடும் ஒரே வரிசையில் வைத்த மொழி இது. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இவை எல்லாமே காலையில் கடைத்தெருவில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயங்கள்.

மெக்சிகோவிலும் இன்னும் பல லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் தேதிக்கே "ஆ கோமோ எஸ்தாமோஸ்?" என்று கேட்பார்கள். அங்கே தக்காளிக்கும் தேதிக்கும் கேள்விச் சொல்கூட ஒன்றுதான். ஸ்பெயினில் "ஆ கே எஸ்தாமோஸ்?", "ஆ கே தீயா எஸ்தாமோஸ்?" என்றும் கேட்கும். பத்திரங்களிலும் அந்த 'ஆ' விடாமல் வருகிறது. நோட்டரி எழுதிய தாளைப் பார்த்தால் "சலமாங்கா நகரில், ஆ சின்கோ தே மாயோ" என்ற வகையில்தான் தொடங்கும். ஊரையும் நாளையும் ஒரே மூச்சில் சொல்லி, இங்கே நின்று எழுதுகிறோம் என்று அறிவித்துவிட்டுத்தான் மற்றது.

"கே தீயா எஸ் ஓய்?" என்ற எளிய கேள்வியும் உண்டு. இன்று என்ன நாள்? இதற்குக் கிழமையும் பதிலாக வரலாம், தேதியும் வரலாம். தமிழில் நமக்குக் கிழமை தனி, தேதி தனி. "என்ன கிழமை?" என்று கேட்டால் யாரும் 'பன்னிரண்டு' என்று சொல்ல மாட்டார்கள். ஸ்பானிஷின் தீயா இரண்டையும் தாங்குகிறது. எண்தான் வேண்டுமென்றால் குவாந்தோஸ் போட்டுக் கேட்பதே நல்லது. அது 'எத்தனை'. இங்கே தமிழ்க் காதுக்கு ஒரு சொந்தம் தெரியும். "எத்தனாம் தேதி?" என்று நாம் கேட்கிறோமே, அதே எத்தனைதான் இதுவும். ஆங்கிலத்தில் இப்படி ஒரு கேள்வியை நேராகக் கேட்க வழியே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆதங்கம். நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். அதனால் ஆங்கிலத்துக்கு மட்டுமே உள்ள மேடு பள்ளங்களையும் சேர்த்துச் சுமக்கிறோம். "திங்கட்கிழமை வந்தேன்" என்கிறோம், கிழமையில் வேற்றுமை உருபு எதுவும் ஒட்டுவதில்லை. ஸ்பானிஷிலும் "எல் லூனெஸ்" என்றால் போதும், முன்னே இடைச்சொல் தேவையில்லை. "எல் லூனெஸ்" வரப்போகிற திங்களா, போன திங்களா என்பதை வினைதான் சொல்லும். "திங்கட்கிழமை வர்றேன்", "திங்கட்கிழமை வந்தேன்" என்று தமிழில் நடப்பதும் அதுதான். எல்லாத் திங்களும் என்றால் "லோஸ் லூனெஸ்". திங்கள் முதல் வெள்ளி வரை பெயர்கள் பன்மையிலும் உருமாறுவதில்லை. சனியும் ஞாயிறும் மட்டும் சாபதோஸ், தொமீங்கோஸ் என்று ஒரு 'ஸ்' சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டு வருகிறவர் லூனெஸுக்கு முன்னால் ஓர் இடைச்சொல்லைத் தேடித் தடுமாறுகிறார். தமிழிலிருந்து நேராக வந்தால் அந்தத் தடுமாற்றம் கிடையாது.

நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு. மே ஐந்தாம் தேதி என்று சொல்லிப் பழகிய நாக்கு, ஸ்பானிஷிலும் 'ஐந்தாம்' என்பதைத் தேடும். அங்கே வெறும் ஐந்துதான்: "சின்கோ தே மாயோ", மேயின் ஐந்து. முதல் நாள் மட்டும் இரண்டு விதம். ஸ்பெயினில் பேச்சில் "உனோ தே", லத்தீன் அமெரிக்காவில் "பிரிமேரோ தே". அதாவது ஒன்று, முதல். நம் ஊரிலும் ஒண்ணாந் தேதி சம்பளம், முதல் தேதி சம்பளம் என்று இரண்டும் இருக்கின்றன, எவரும் இதற்காகச் சண்டை போடுவதில்லை. உனோ சொல்கிற ஸ்பெயினே தொழிலாளர் தினத்தை மட்டும் "பிரிமேரோ தே மாயோ" என்று மரியாதையோடு எழுதுகிறது. ஆண்டை இரண்டிரண்டு எண்ணாகப் பிரித்துப் படிக்கிற வழக்கமும் இல்லை. 1992 என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு என்று முழுதாக வாய் திறந்து சொல்ல வேண்டும். தமிழில் சொல்வது போலவேதான்.

கிழமைப் பெயர்கள் தமிழருக்கு ஒரு பரிசு. லூனெஸ் நிலாவின் நாள், நமக்குத் திங்கள். மார்த்தெஸ் செவ்வாய்க் கோளின் நாள். மியேர்க்கோலெஸ் புதன், ஹுவேபெஸ் வியாழன், பியேர்னெஸ் வெள்ளி. ஐந்தும் அச்சாக அதே கோள்கள், அதே வரிசை. தற்செயல் அல்ல. கோள்களின் பெயரால் ஏழு நாள்களை அழைக்கிற வழக்கம் பண்டைய மத்தியதரைக் கடல் உலகிலிருந்து இரு பக்கமும் பரவியது. ரோமானியர் வழியாக இங்கே வந்தது, சோதிடக் கணிதத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. கடைசி இரண்டில் மட்டும் வழி பிரிகிறது. சனிக்கோள் இருந்த இடத்தில் யூதர்களின் ஓய்வுநாள் உட்கார்ந்து சாபதோ ஆயிற்று. ஞாயிறு இருந்த இடத்தில் 'ஆண்டவரின் நாள்' வந்து தொமீங்கோ ஆயிற்று.

பெயர் மட்டுமல்ல, பயமும் ஒன்றாக வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை கல்யாணமா என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ஸ்பெயினில் ஒரு பழமொழி: செவ்வாயன்று கல்யாணமும் செய்யாதே, கப்பலும் ஏறாதே. மற்ற ஐரோப்பியர் பலர் வெள்ளிக்கிழமை 13-ஐக் கண்டு அஞ்ச, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அஞ்சுவது செவ்வாய்க்கிழமை 13-ஐ. போர்க்கடவுளின் நாள் இரு பக்கத்தாருக்கும் ஆகாத நாள்.

கடைக் கதவுகளில் திறக்கும் நேரம் எழுதியிருப்பதில் ஒரு சிறு விஷயம் புதிதாக வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிழமைகளை முதலெழுத்தால் குறிப்பார்கள். செவ்வாயும் புதனும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஸ்பெயினில் புதனுக்கு 'எக்ஸ்' போடுவார்கள். நாள்காட்டியில் திங்களுக்கும் செவ்வாய்க்கும் அடுத்து எக்ஸ் வந்தால் அது விடுமுறைக் குறி இல்லை, சாதாரணப் புதன். வாரமும் திங்களில்தான் தொடங்கும், ஞாயிறு வலதுகோடியில் இருக்கும். ஞாயிறை முதல் கட்டத்தில் பார்த்துப் பழகிய நம் கண், பழகும்வரை ஒரு கட்டம் தள்ளிப் படிக்கும்.

நான் தங்கியிருந்த வீட்டின் அம்மாவுக்கு எண்பது வயதை நெருங்கிய முதுமை. சமையலறையில் அவர் மாட்டியிருந்தது, நாளொரு தாளாகக் கிழிக்கிற நாள்காட்டி. அதை 'தாக்கோ' என்பார்கள். மதுரையில் எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரின் உறவு என்று பார்த்தவுடன் தெரிந்தது. நம்முடையதில் ராகு காலமும் எமகண்டமும் இருக்கும் இடத்தில் அங்கே அன்றைய புனிதரின் பெயர், சூரியன் எழும் நேரம், நிலவின் நிலை. தாளின் பின்பக்கம் ஒரு துணுக்கோ பழமொழியோ. காலையில் கிழிக்கும் வேலை அவருடையது, வேறு யாரும் தொடக்கூடாது.

அவரிடம் தேதி கேட்டால் எண் வராது, புனிதர் வருவார். பிப்ரவரி 3 அவருக்கு சான் பிளாஸ். "சான் பிளாஸ் வந்தால் நாரையைக் காண்பாய்" என்று பழமொழி. சலமாங்காவின் கோயில் கோபுரங்களில் செங்கால் நாரைகள் கட்டிய பெரிய கூடுகளைக் கண்டவருக்கு இது வெறும் எதுகை அல்ல. நவம்பர் 11 சான் மார்த்தின். பன்றி அறுக்கும் பருவம் அது. "ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு சான் மார்த்தின் வரும்" என்றால், செய்ததற்கு ஒருநாள் கணக்குத் தீர்க்க வேண்டிவரும் என்று பொருள். இந்த மாகாணத்தின் மலையூரான லா அல்பெர்காவில் ஜூன் 13, பதுவை அந்தோனியார் நாளன்று ஒரு பன்றியை ஆசீர்வதித்துத் தெருவில் விடுகிறார்கள். ஊரார் எல்லோரும் அதற்குத் தீனி போடுவார்கள். ஜனவரி 17, வனத்து அந்தோனியார் நாளில் அதைக் குலுக்கல் முறையில் ஒருவருக்குக் கொடுப்பார்கள். இரண்டு அந்தோனியாருக்கும் நடுவில் ஒரு பன்றியின் வாழ்நாள். அந்த ஊரில் தேதியைப் பன்றியின் பருமனைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அம்மா சொல்வார்.

அவர் வாயிலிருந்துதான் மே 40 என்ற தேதியை முதலில் கேட்டேன். "ஆஸ்தா எல் குவாரேந்தா தே மாயோ நோ தே கீத்தெஸ் எல் சாயோ." மே நாற்பது வரை மேலங்கியைக் கழற்றாதே. எண்ணிப் பாருங்கள், ஜூன் 9 வருகிறது. காஸ்தீல் பீடபூமியில் மே மாதத்து வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு வெளியே போனால் மாலையில் காற்று எலும்பைத் தொடும். ஜூன் 9 என்றால் அது கோடை, யாரும் எச்சரிக்கையாக இருக்க மாட்டார்கள். மே 40 என்றால் வசந்தம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நாள்காட்டி ஒப்புக்கொள்ளாத தேதியை மக்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது.

வேறு சில நாள்களுக்கு எண்ணே பெயராகிவிட்டது. 23-எஃப் என்றால் 1981 பிப்ரவரி 23. ஆட்சியைக் கவிழ்க்க லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ, ஆயுதமேந்திய சிவில் கார்டு காவல்படையினரோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்த மாலை. 20-என் என்றால் 1975 நவம்பர் 20, சர்வாதிகாரி பிராங்கோ இறந்த நாள். 11-எம் என்றால் 2004 மார்ச் 11, மாட்ரிட் மின்ரயில்களில் குண்டு வெடித்து 190-க்கும் அதிகமானோர் உயிரிழந்த காலை. இவற்றை ஆண்டு சேர்த்துச் சொல்வதில்லை, மாதத்தையும் முழுதாகச் சொல்வதில்லை. எண்ணும் ஓர் எழுத்தும் போதும். 23-எஃப் பற்றிப் பேச்செடுத்தால், அந்த வயதுக்காரர் எவரும் அன்று மாலை எங்கே இருந்தார், யார் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார் என்று சொல்லத் தொடங்குவார். கடலுக்கு அப்பால் தேதிகள் தெருக்களாகவே கிடக்கின்றன. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரெஸின் மிக அகலமான சாலை 9 தே ஹூலியோ, 1816 ஜூலை 9-இன் விடுதலை அறிவிப்பு. மான்டிவிடியோவின் முதன்மைச் சாலை 18 தே ஹூலியோ, 1830-இல் உருகுவே அரசமைப்பின் மீது உறுதிமொழி எடுத்த நாள். மெக்சிகோ நகரின் பழைய மையத்தில் 5 தே மாயோவும் 16 தே செப்தியேம்ப்ரேயும் 20 தே நொபியேம்ப்ரேயும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. வழி கேட்கிறவருக்கு அங்கே தேதிதான் பதிலாக வரும்.

சலமாங்காவிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் அல்பா தே தோர்மெஸ் என்ற சிற்றூர். கத்தோலிக்கப் புனிதரான அவிலாவின் தெரேசா அங்கேதான் இறந்தார், அங்கேயே ஒரு கார்மேல் மடத்துக் கோயிலில் அடக்கமாகியிருக்கிறார். இறந்தது 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு. மறுநாள் அடக்கம். அந்த மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை.

அச்சுப்பிழை இல்லை. பதின்மூன்றாம் கிரகோரி போப்பின் நாள்காட்டிச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்த இரவு அது. பழைய ஜூலியன் கணக்கு ஆண்டொன்றுக்குச் சில நிமிடங்கள் அதிகமாக வைத்திருந்ததால், நூற்றாண்டுகள் சேர்ந்து பகலும் இரவும் ஒரே அளவாகிற வசந்தச் சம இரவு நாள் பத்து நாள் பின்வாங்கி, ஈஸ்டர் கணக்கே சாய்ந்திருந்தது. சலமாங்கா பல்கலைக்கழகமும் இதுபற்றி 1515-இலும் 1578-இலும் ரோமுக்கு அறிக்கை எழுதி அனுப்பியிருந்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் குறித்த நாளிலேயே மாறிக்கொண்டன. கடல் தாண்டிய குடியேற்றங்களுக்குச் செய்தி போய்ச் சேரவே மாதங்கள் பிடிக்கும் என்பதால் அங்கெல்லாம் பிற்பாடுதான்.

அந்த மடத்தில் நின்றபோது நான் நினைத்துக்கொண்டது இதைத்தான். அன்று காலை ஒரு கன்னியர் இன்னொருவரிடம் என்ன கிழமை என்று கேட்டிருந்தால் பதிலில் ஒரு சிக்கலும் இல்லை. வியாழனுக்கு அடுத்தது வெள்ளி. எத்தனையில் நிற்கிறோம் என்று கேட்டிருந்தால்தான் சிக்கல். பத்து எண்கள் காணாமல் போயின, கிழமைச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை. அதனால்தான் இன்றும் தெரேசாவின் திருநாளை, அவர் இறந்த 4-இல் இல்லாமல் அக்டோபர் 15-இல் கொண்டாடுகிறார்கள்.

கிழமையே அறுந்துபோன கதை இதற்கு அறுபது ஆண்டுகள் முந்தியது. ஸ்பானிஷ் உலகில் நாள் கேட்ட கேள்விகளிலேயே மிகப் பெரியது என்று நான் கருதுவது அதைத்தான்.

1519 செப்டம்பர் 20 அன்று மகெல்லன் தலைமையில் ஐந்து கப்பல்கள் சான்லூகார் தே பார்ரமேதா துறையிலிருந்து புறப்பட்டன. ஏறக்குறைய 240 பேர். மேற்கே போய்க்கொண்டே இருந்து மசாலாத் தீவுகளை அடைவது திட்டம். 1521 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் மகெல்லன் கொல்லப்பட்டார். கடைசியில் விக்டோரியா என்ற ஒரே கப்பலை ஹுவான் செபாஸ்தியான் எல்கானோ, போர்த்துகீசியர் கண்ணில் படாமல், இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுவந்தார். உணவு தீர்ந்துபோய் ஆள்கள் செத்துக்கொண்டிருந்த நிலையில், வேறு வழியில்லாமல் 1522 ஜூலையில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டேயின் சந்தியாகு தீவில் நிறுத்தினார்கள். அது போர்த்துகீசியரின் இடம். அமெரிக்கப் பக்கமிருந்து வருகிறோம் என்று சொல்லி அரிசி வாங்க ஒரு படகை அனுப்பினார்கள்.

கப்பலில் அந்தோனியோ பிகஃபெத்தா என்ற இத்தாலியர் இருந்தார். புறப்பட்ட நாளிலிருந்து நாள்தோறும் குறிப்பு எழுதி வந்தவர். கரைக்குப் போகிற படகுக்காரர்களிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பினார்கள். இன்று என்ன நாள் என்று கேட்டு வாருங்கள். கப்பல் கணக்கில் அது ஜூலை 9, புதன்கிழமை. படகு கொண்டுவந்த பதில் வியாழக்கிழமை.

தான் ஒருநாள்கூட நோயில் படுக்கவில்லை, ஒருநாள்கூடக் குறிப்பெழுதாமல் விடவில்லை, பிறகு எப்படி ஒருநாள் தவறும் என்று பிகஃபெத்தா திகைத்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். கப்பலின் மாலுமி பிரான்சிஸ்கோ அல்போவும் தனியாகக் கணக்கு வைத்திருந்தார். மூன்று ஆண்டுக் கடல், கலகம், பசி, பல்லீறு வீங்கிச் செத்த தோழர்கள். இவ்வளவுக்கும் நடுவில் நாளை விடாமல் எண்ணிவந்த மனிதருக்கு, நீ எண்ணியது ஒன்று குறைகிறது என்று யாரோ ஒரு துறைமுகக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்! கப்பலில் வந்தவர்களுக்கு வேறு கவலையும் சேர்ந்தது. அப்படியானால் வழியெல்லாம், இறைச்சியை விலக்க வேண்டிய வெள்ளிக்கிழமையில் இறைச்சி தின்றிருக்கிறோம், ஈஸ்டரைத் திங்கட்கிழமையில் கொண்டாடியிருக்கிறோம்.

அரிசி வாங்கப் போனவர்களில் 13 பேரைப் போர்த்துகீசியர் பிடித்துவைத்துக்கொள்ள, மீதிப் பேர் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு தப்பினார்கள். செப்டம்பர் 6 அன்று சான்லூகார் வந்து சேர்ந்தபோது, புறப்பட்ட கூட்டத்தில் அந்தக் கப்பலில் மிஞ்சியிருந்தவர்கள் 18 பேர்.

காணாமல் போன நாளின் கதை அரசவைக்குப் போயிற்று. அங்கிருந்த அறிஞர் பியேத்ரோ மார்த்திரே இதை விடாமல் விசாரித்தார். விளக்கம் சொன்னவர் வெனிஸின் தூதர் காஸ்பரோ கொன்தரீனி. சூரியன் போகிற திசையிலேயே மேற்கே போய் உலகை ஒரு சுற்றுச் சுற்றியவர்களுக்கு, ஊரில் இருந்தவர்களைவிட ஒரு விடியல் குறைவாகவே கிடைத்திருக்கும். அவர்களுடைய ஒவ்வொரு பகலும் கொஞ்சம் நீண்டிருந்தது, நீண்டதெல்லாம் சேர்ந்து ஒருநாள் ஆயிற்று. ஆகவே பிகஃபெத்தா தவறவில்லை. அவர் கண்ட விடியல்களை அவர் சரியாகவே எண்ணியிருந்தார். கரையில் இருந்தவர்களும் சரியாகவே எண்ணியிருந்தார்கள். ஒரு குறையும் இல்லாத இரண்டு கணக்குகள் ஒரே கடற்கரையில் சந்தித்தபோது ஒத்துப்போகவில்லை.

எஸ்தாமோஸ் என்ற சொல்லில் உள்ள 'நாம்' எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான். நாளை எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அது நான் கடந்துவந்த நாள்களின் தொகை மட்டுமே. இன்று என்ன நாள் என்பதை, நாம் போய் இறங்குகிற கரையில் ஏற்கெனவே நிற்பவர்கள்தான் சொல்ல முடியும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த ஒருநாள் பிலிப்பைன்ஸில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் குடியிருந்தது. ஸ்பானியர் மணிலாவுக்கு மெக்சிகோவின் அகபுல்கோ துறையிலிருந்து பசிபிக்கைக் கடந்து போனார்கள், போகும்போது மெக்சிகோவின் நாளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். போர்த்துகீசியர் கிழக்கே சுற்றி மக்காவ் வந்து சேர்ந்தார்கள், லிஸ்பனின் நாளோடு. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கடல்தான், ஆனால் நாளில் ஒன்று வித்தியாசம். மணிலாவிலிருந்து மக்காவுக்குப் போன அலோன்சோ சாஞ்சஸ் என்ற இயேசு சபைத் துறவி, தன் கணக்கில் மே 2 என்பதால் புனித அத்தனாசியார் திருநாள் பூசைக்குத் தயாரானார். அங்கிருந்தவர்கள் மே 3-க்குரிய திருச்சிலுவைத் திருநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஹொசே தே அகோஸ்தா என்ற இன்னொரு துறவி இதைப் பதிவு செய்திருக்கிறார்.

மெக்சிகோ 1821-இல் விடுதலை பெற்றபின் மணிலாவின் போக்குவரத்து சீனத்துப் பக்கமும் ஆசியத் துறைகளின் பக்கமும் திரும்பியது. பக்கத்துத் துறைகளோடு ஒருநாள் பிந்தி வாணிகம் செய்வதில் யாருக்கும் லாபமில்லை. தலைமை ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா ஆணை பிறப்பித்தார். 1844 டிசம்பர் 30 திங்கட்கிழமை முடிந்து பொழுது விடிந்தபோது 1845 ஜனவரி 1, புதன்கிழமை. அந்த லீப் ஆண்டுக்கு மணிலாவில் மட்டும் 365 நாள்தான், டிசம்பர் 31 செவ்வாய்க்கிழமை அங்கே வரவே இல்லை. அன்று முதல் மணிலாவில் ஒருவரும் மக்காவில் ஒருவரும் எத்தனையில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டால், இருவருக்கும் ஒரே பதில்.